அழுத பிள்ளதான் கணக்குல வரும்

ஐப்பசி 24, வெள்ளி

பின்ன என்ன, நீயே சொல்லு பேச்சி, நான் பேசாம இந்த வீட்டுல வேற யாரு பேசுவா? அவன் காலையில போனா பொழுதடையத்தான் வாரான். அவ படுத்தே கெடக்கா. நான் ரெண்டு வார்த்த பேசினேன், அம்புட்டுதான். அதுக்கு வல்லி இந்த நோட்ட எடுத்து கையில குடுத்துட்டா. "சின்னம்மா, டாக்டர் என்னைய அமைதியா இருக்கச் சொல்லியிருக்காவ. நீங்க சொல்லுததையெல்லாம் இதுல எழுதுங்க, பெறவு நான் படிச்சுக்கிடுதேன்"ங்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனாலும் எனக்கு சுருக்குன்னுச்சு.

எட்டாப்பு வரைக்கும் படிச்சவதான நான், எழுத வரும். யாருக்கு எழுதன்னுதான் தெரியல. எங்க அவியளுக்கு எழுதலாம்னா, அவிய உசுரோட இருக்கும்போதே நான் சொல்லுதத காதுல வாங்குனதில்ல. செத்த பெறவா வாங்கப் போறாவ? அதான் ஒனக்கு எழுதுதேன் தாயி. பிள்ளத்தாச்சிக்கும் பச்சப்பிள்ளைக்கும் நீதான காவல். குளத்தங்கரையில சூலாயுதத்தப் புடிச்சுக்கிட்டு சும்மாதான உக்காந்திருக்க. கேளு.

நான் இருக்கது காங்கோ தேசம், கின்ஷாசா. எங்க அண்ணன் மவன் இசக்கிராசனுக்கு இங்க வேல. தாயில்லாம நான் வளத்த பிள்ள. அவன் பெஞ்சாதி செண்பகவல்லிக்கு இது ஆறாம் மாசம் முடியப்போகுது. கல்யாணமாகி ஏழு வருசங்கழிச்சு நின்ன கரு. ரத்தக்கொதிப்பு இருக்கு, வெமானம் ஏறப்படாதுன்னுட்டாவ, அதனால தாய்வீட்டுக்குப் போக முடியல. அவ அம்ம வரலாம்னா அவ அப்பாவுக்கு ரத்தம் சுத்திகரிக்கணும், வாரம் ரெண்டு நாளு ஆசுபத்திரி. கடைசியா யாரு மிஞ்சுனா? ஆவுடையம்மா. பிள்ளகுட்டி இல்லாதவ, புருசன் இல்லாதவ, ஒரு பையத் தூக்கிட்டு கெளம்புனா யாரும் தேடப்போறதில்ல. வந்துட்டேன்.

இந்த ஊரச் சொல்லுதேன். திரும்புன பக்கமெல்லாம் பிள்ளைய. ரோட்டுல, சுவரு மேல, லாரிக்கு அடியில, பிள்ளமேல பிள்ள. பள்ளிக்கூடம் காலையில ஒரு கூட்டத்த உள்ள விட்டு மத்தியானம் இன்னொரு கூட்டத்த விடுதாவ, அப்பயும் எடம் பத்தல. கெழடு கெட்டைய காணவே காணல. என் நரச்ச தலையப் பாத்துட்டு தெருப்பிள்ளைய "கோக்கோ, கோக்கோ"ன்னு பின்னாலயே வருது. கோழியத்தான் வெரட்டுதுவோன்னு நெனச்சேன். வல்லி சொல்லுதா, கோக்கோன்னா பாட்டியாம். அம்பத்தாறு வயசுதான்ட்டி எனக்குன்னா, "இங்க அது பெரிய வயசு சின்னம்மா"ங்கா.

நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல இப்ப பதினோரு பிள்ளைய, ரெண்டு டீச்சரு. அடுத்த வருசம் இழுத்து மூடிருவாவளாம். அந்தப் பதினொண்ணையும் இங்க கொண்டாந்து விட்டா ஒரு வீட்டு முத்தத்துக்குக் காணாது.

பூசைக்கு செம்பருத்தி கெடைக்கு. மல்லியப்பூ கெடைக்காதாம். எனக்கு நல்லதாப் போச்சு. அந்த வாசம் எனக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்லா.

பக்கத்து வளவுல ஒரு ஆட்டுக்குட்டி. அது கத்துனா ஒடனே எந்திரிச்சு ஓடிருதேன். என்ன பழக்கமோ.


ஐப்பசி 26, ஞாயிறு, தீபாவளி

எண்ணெ தேச்சுக் குளிச்சேன். வல்லிக்கு உச்சியில மட்டும் ஒரு சொட்டு வச்சேன். அதிரசம் பிரிஞ்சு போச்சு, இந்த ஊரு வெல்லம் சரியில்ல. முறுக்கு நல்லா வந்துச்சு.

வேலைக்கு வாரவ பேரு ஒடெத். பாதி நம்மாளு மாதிரிதான். பத்து வருசமா நம்ம ஊருக்காரவிய வீடுகள்லதான் வேல செய்யுதா, "சீக்கிரம்", "உப்பு", "ஐயய்யோ" மூணும் சுத்தமா சொல்லுவா. அவள "மாமா ஒடெத்"னு கூப்பிடணுமாம், இங்க பொம்பளையளுக்கு அதான் மருவாதியாம். எங்க ஊருல மாமான்னா மீச இருக்கணும்ட்டின்னேன். வல்லி அத அவகிட்ட எடுத்துச் சொல்ல, அவ மேலுதட்டத் தடவிப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கா.

மத்தியானம் ராசன் அவன் வேலையப் பத்திச் சொன்னான். இந்த தேசத்துல கடைசியா தல எண்ணுனது எம்பத்தி நாலாம் வருசமாம். எனக்குக் கல்யாணம் ஆன வருசம்! அதுக்குப் பெறவு யாருமே எண்ணல. பத்துக் கோடிக்கு மேலம்பாவ, அது எம்புட்டு மேலன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வானத்துலருந்து கூரையப் படம் புடிச்சு கூரைய எண்ணுதாவளாம். பெறவு ஊருக்கு நாலு வீடுன்னு பொறுக்கி, கதவத் தட்டி உள்ள எத்தன பேருன்னு கேட்டு, அத வச்சு மொத்தத்தையும் கணக்குப் போடுதாவளாம். கேக்கப் போற பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கதுதான் ராசனுக்கு வேல.

"ஏல, பிள்ளையள எண்ணப்படாது. கண்ணு பட்டுரும்"னேன்.

"எண்ணாமத்தான் அத்தை இங்க ஊசி பத்தல, பள்ளிக்கூடம் பத்தல"ங்கான்.

பெறவு வெளையாட்டா அந்தப் பெரிய போன எடுத்து வச்சுக்கிட்டு, "வாங்க அத்தை, ஒங்களக் கேட்டுப் பாக்கேன்"னான். மொதல்ல ஒடெத்தக் கேட்டான். எத்தன பிள்ள பெத்த? அவ வெரல மடக்கி மடக்கி பேரு சொல்லுதா. ஏழு. எனக்குத் தெரிய அஞ்சுதான் இந்த வளவுல ஓடுது. கேட்டா, நடுவுல ரெண்டு பேரு, மேர்வேய், க்ளோடி, அதுக ரெண்டும் மண்ணுல இருக்காம். அந்தப் பேரும் வருசையிலதான் வந்துச்சு. கடைசியில சொல்லல, தனியா சொல்லல. மூணாவது மேர்வேய், அஞ்சாவது க்ளோடி. சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா.

அடுத்து நான். "எத்தன பிள்ள பெத்தீய?"

"இல்ல."

அவன் விடல. அடுத்த கேள்வியக் கட்டாயம் கேக்கணுமாம். "பொறந்து, ஒரு தடவையாவது அழுது, இல்ல மூச்சு விட்டு, கையக் கால அசைச்சு, பெறவு தவறிப்போன பிள்ள உண்டா?"

"இதென்னல கேள்வி?"

"இதக் கேக்கலன்னா சொல்லமாட்டாவ அத்தை. இருக்கதத்தான் சொல்லுவாவ, போனத விட்டுருவாவ. செத்தே பொறந்துச்சுன்னா அது தனிக் கணக்கு. அழுதுச்சுன்னா அது ஒரு ஆளு. ஒரு நிமிசம் இருந்தாலும் வந்து போன ஆளு. அழுத பிள்ளதான் கணக்குல வரும்."

அடுப்புல சோறு புடிக்க வாட வந்துச்சு. எந்திரிச்சுப் போயிட்டேன். இல்லன்னுதான் சொன்னேன் பேச்சி. இல்லாததத்தான இல்லன்னு சொன்னேன்?


ஐப்பசி 29

கரண்டு இல்ல. தண்ணியும் இல்ல. ஒடெத் தலையில கொடம் வச்சுக் கொண்டாந்தா.


கார்த்திகை 2, சனி

சூரசம்ஹாரம். விரதம். போன்ல திருச்செந்தூரக் காட்டுனா வல்லி. கடக்கரையில அம்புட்டு சனம். "இதுல எத்தன பேருன்னு ஒம் புருசனக் கேளு"ன்னேன். "வேண்டாம் சின்னம்மா, அவரு உக்காந்து எண்ணிருவாரு"ங்கா. ராசன் முறைக்கான். நல்லா சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சு அவ காலப் பாத்தேன். வீங்கிருக்கு. கொலுசு பதிஞ்ச எடத்துல பள்ளம். கொலுச கழட்டி வச்சேன்.

ராசன் நாளைக்கு ஆத்துக்கு மேல, காட்டுப்பக்கம் ஒரு ஊருக்குப் போகணும். சின்ன வெமானம். அங்க போனு சரியா எடுக்காது. போகவா வேண்டாமான்னு முழிக்கான். வல்லி போயிட்டு வாங்கங்கா. எம் மொவத்தப் பாத்தான். "நான் இருக்கேம்லா, போயிட்டு வாய்யா. இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு"ன்னேன்.

பேச்சி, நான் சொன்னத நம்பித்தான் போறான். பாத்துக்கோ.


கார்த்திகை 6

ஒடெத்துக்கும் எனக்கும் சண்ட. வெண்டைக்காய கொழகொழன்னு செவப்பெண்ணெய்ல, அதான் இந்த ஊரு பாமாயிலு, அதுல போட்டு கிண்டி வச்சிருக்கா. நான் வெண்டைக்காய்ல கொழகொழப்பு போக வதக்குவேன், அவ கொழகொழப்புக்குன்னே வாங்குதா. "ஐயய்யோ"ன்னு நான் சொல்ல, "ஐயய்யோ"ன்னு அவ சொல்ல, வல்லி உள்ளருந்து "ரெண்டு பேரும் சும்மா இருக்கீயளா"ன்னு சத்தம் போட்டா. பெறவு அவ பின்வாசல்ல நிக்க முருங்கயக் காட்டுனா. அம்புட்டும் கீர! நம்ம ஊருல இருக்க மாதிரியே. பொறிச்சுக் குடுத்தேன். வல்லி ரெண்டு வாய்தான் சாப்பிட்டா.

வயித்துல கை வச்சுப் பாத்தேன். பிள்ள முட்டுச்சு. குதிங்காலுன்னு நெனைக்கேன். "சின்னம்மா மாதிரி வளவளன்னு இருக்கும்போல"ன்னா வல்லி. அப்பிடி யாரும் எங்கிட்ட சொன்னதில்ல.

துணி எதுவும் வாங்கப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பிள்ள வந்த பெறவுதான். பழைய வேட்டியக் கிழிச்சு தொவச்சு வச்சிருக்கேன், அது போதும்.


கார்த்திகை 10, ஞாயிறு, தீபம்

மாவெளக்கு வச்சேன். வாசல்ல அகல் வெளக்கு வச்சதும் ஒடெத் பிள்ளையளும் தெருப்பிள்ளையளும் வந்து குத்தவச்சு உக்காந்துட்டுதுவ. அவலும் பொரியும் குடுத்தேன். எல்லாருக்கும் காணுமான்னு பாக்க, வாய்விட்டு எண்ணித் தொலச்சேன். இருவத்தேழு. எண்ணி முடிச்ச பெறவுதான் நாக்கக் கடிச்சேன்.

வல்லிக்கு ரெண்டு நாளா தலவலி. கண்ணு முன்னால மின்னுதுங்கா. "வெளக்கப் பாத்ததுனால இருக்கும்ட்டி"ன்னேன். அவ கண்ண மூடிக்கிட்டு, "மூடுனாலும் மின்னுது சின்னம்மா"ங்கா.

வண்டிக்குச் சொல்லியிருக்கு. விடிஞ்சதும் ஆசுபத்திரிக்குப் போகணும்.


கார்த்திகை 11

பொட்டப்பிள்ள. பொறந்துச்சு. போயிருச்சு.


கார்த்திகை 14, வியாழன்

எழுத ஓடல. எழுதாமலும் இருக்க முடியல.

ஆசுபத்திரியில நல்லாத்தான் பாத்தாவ, கொற சொல்ல ஒண்ணுமில்ல. ரத்தக்கொதிப்பு ஏறிப் போச்சு, தாயக் காப்பாத்தணும்னா இப்பமே எடுக்கணும்னாவ. கீழ்ப்பாதியத்தான் மரக்க வச்சாவ, வல்லிக்கு நெனவு இருந்துச்சு. என்னைய கதவுக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டாவ. ராசனுக்குப் போனு போகல. ஒடெத் அவ பைபிள வச்சுக்கிட்டு ஒரு பக்கம், நான் ஒன் துன்னூற வச்சுக்கிட்டு ஒரு பக்கம்.

சத்தம் கேட்டுச்சு. ஒரு தடவ. சின்னதா. கதவுக்கு அந்தப் பக்கம்.

பெறவு என்னைய உள்ள கூப்பிட்டு, பிள்ள இருந்த கண்ணாடிப் பெட்டிகிட்ட நிறுத்துனாவ. எங்கைக்குள்ள அடங்கிரும், அம்புட்டுதான் இருந்துச்சு. நெஞ்செலும்பு ஏறி எறங்குது. அதுல ஒரு ஓட்ட இருக்கு, கைய விட்டுத் தொட்டுக்கலாம்னு சைக காட்டுனாவ. எம் வெரல ஒண்ண நீட்டுனேன். புடிச்சுச்சு. நெசமா புடிச்சுச்சு பேச்சி. நான் என்ன செஞ்சேன், "பேச்சி, பேச்சி, பேச்சி"ன்னு ஒன் பேரச் சொல்லிக்கிட்டே நின்னேன், வேற எதுவும் வாயில வரல. வல்லி கட்டுல்ல கெடந்து என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா.

ஒரு மணிக்கூறுகூட இருந்திருக்காது. புடி விட்டுப் போச்சு.

அப்பம்தான் அவ அம்ம போனு. கோவில்பட்டியிலருந்து. நான்தான் எடுத்தேன். "என்ன மதினி, என்ன ஆச்சு?"ன்னு கேக்காவ.

நான் சொன்னேன், "செத்துப் பொறந்துருச்சு மதினி. சத்தமே இல்ல."

ஏஞ் சொன்னேன்னு நீ கேக்கமாட்ட, ஒனக்குத் தெரியும். அழுது இருந்து போச்சுன்னா நம்மூருல விடுவாவளா? நேரம் கேப்பாவ, நச்சத்திரம் பாப்பாவ, பிள்ளைய முழுங்குனவம்பாவ. அடுத்தவ வளைகாப்புக்கு அவளக் கூப்பிடமாட்டாவ. செத்துப் பொறந்ததுன்னா அம்புட்டுக்கு இல்ல. தீட்டு இல்ல, பேரு இல்ல, சடங்கு இல்ல. விதின்னு விட்டுருவாவ. இன்னும் தலைச்சனே வரலன்னு வச்சுக்கிடலாம். வல்லி தலையில பழி ஏறப்படாதுன்னுதான சொன்னேன்? எல்லா வீட்டுலயும் இப்பிடித்தான சொல்லுதாவ?

சேதி எப்பிடியோ கெடச்சு மறுநா ராசன் வந்தான். நேத்து ஊருக்கு வெளிய உள்ள கல்லறையில பொதச்சோம். கிழிச்சு வச்ச வேட்டியிலதான் சுத்துனேன். சின்னச் சின்னக் குழிய வருச வருசயா கெடக்கு அங்க. இம்புட்டுப் பிள்ள உள்ள ஊருல இம்புட்டுக் குழி. ராசன் அங்கயே உக்காந்துட்டான். எல்லா எடத்துலயும் எண்ணுதவன், அங்க தலயத் தூக்கல.


கார்த்திகை 16

வல்லி வீட்டுக்கு வந்துட்டா. அவ அம்ம போன்ல பேசுனாவ, நானும் பக்கத்துலதான் இருந்தேன். "செத்துத்தான பொறந்துச்சு, மனச விட்டுராத தாயி. சத்தமில்லாம வந்தது சத்தமில்லாம போச்சுன்னு நெனச்சுக்கோ"ங்காவ. வல்லி போன காதுல வச்சபடியே என்னையப் பாத்தா.

போன வச்ச பெறவு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "ஒங்களுக்குக் கேக்கலயா சின்னம்மா?"

"என்னதுட்டி?"

அதுக்குப் பெறவு எங்கிட்ட பேசல. நான் பேசுதத நிறுத்தத்தான இந்த நோட்டக் குடுத்தா. இப்பம் அவ நிறுத்திட்டா. பேசாம இருக்க வீட்டுல பண்டம் வைக்க சத்தங்கூட பெருசா கேக்கு.


கார்த்திகை 18

பாலு கட்டிக்கிட்டு துடிக்கா. சட்டையெல்லாம் நனஞ்சு போகுது. டாக்டரம்மா மாத்திர எழுதிக் குடுத்திருக்காவ, அது ஒடனே கேக்குமா? எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். நம்ம ஆளுவ கட்டுன கோயிலுக்குப் போயி, பூசாரி வீட்டுத் தொட்டியில மல்லி நிக்குன்னு கேள்விப்பட்டு, கையக் கூப்பி வாங்கிட்டு வந்தேன். ரெண்டு கையளவு. நெஞ்சோட வச்சு சேலத்துணியால இறுக்கிக் கட்டிவிட்டேன். மல்லி வச்சாத்தான் பாலு வத்தும்.

வாசம் வந்ததும் சன்னலுகிட்டப் போயி நின்னுட்டேன்.

வல்லி ரெண்டு நாளைக்குப் பெறவு வாயத் தொறந்தா. "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் இது?"

"ஊருல பாத்திருக்கேன்."

"பூ வாடுன ஒடனே மாத்தணுமா, இல்ல அப்பிடியே விடலாமா?"

"வாடுனா மாத்தணும். மூணாம் நாளு வலி கொறயும். இடது பக்கம் கொஞ்சம் லேட்டாகும்."

சொன்ன பெறவுதான் அவ என்னையப் பாத்தத நான் பாத்தேன்.


கார்த்திகை 19

சரி. எழுதுதேன். இத நீ மட்டும் படி.

எனக்கும் ஒரு பிள்ள வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும். கல்யாணமாகி ரெண்டாம் வருசம், இதே கார்த்திகையில, அடமழ. ரெண்டு நாளு வலி. எனக்கு நெனவு போயி போயி வந்துச்சு. எங்க மாமியா சொன்னாவ, செத்துப் பொறந்துச்சுன்னு. எனக்குக் காட்டல. காட்டுனா மனசுல தங்கிரும்னுட்டாவ. ஆணா பொண்ணான்னுகூட நான் கேக்கல, கேக்கப்படாதுன்னு இருந்துச்சு. மழ விட்டதும் எங்க அவிய மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தாவ. பெறவு மல்லியப்பூ. அம்புட்டுதான்.

அந்த மயக்கத்துல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் நெனவு இருக்கு. எதோ கத்துன சத்தம். "என்னது அத்த?"ன்னேன். மாமியா எங்கண்ண மூடி விட்டு, "நம்ம தொழுவத்துல ஆட்டுக்குட்டி கத்துதுட்டி, நீ படு"ன்னாவ. படுத்துட்டேன்.

அதுக்குப் பெறவு எதுவும் தங்கல. எங்கள எண்ண வாரவிய எல்லாரும் கேப்பாவ, பிள்ளைய? இல்ல. ரேசன் கார்டுல, ஓட்டுக்கு வாரவியகிட்ட, எல்லா எடத்துலயும் இல்லதான். அது நெசந்தான? சத்தமில்லாம வந்தது கணக்குல வராதுன்னு ராசனே சொன்னான்லா.


கார்த்திகை 22, வெள்ளி

ஒடெத் இன்னைக்கு அவ சர்ச்சுப் பொம்பளையள கூட்டிட்டு வந்துட்டா. கேக்கவும் இல்ல, கொள்ளவும் இல்ல. எல்லாரும் தரையில உக்காந்து மெதுவா பாடுதாவ. வல்லி நடுவுல. ஒருத்தி அவ காலப் புடிச்சுவிடுதா. ஒருத்தி சும்மா அழுதா, யாரு பிள்ளைக்கு அழுதான்னு தெரியல. ஒடெத் எங்கிட்ட வந்து, பிள்ளைக்கு என்ன பேருன்னு சைகயில கேக்கா. நான் கைய விரிச்சேன். பேரு இல்ல. அவளுக்கு அது வெளங்கல. திரும்பவும் கேக்கா. எனக்குக் கோவம் வந்து அடுக்களைக்குப் போயிட்டேன். போனா, எனக்குத் தெரியாம என் சாம்பார்ல செவப்பெண்ணெய ஊத்தி வச்சிருக்கா. அதுக்கு ரெண்டு ஏச்சு ஏசுனேன். ஏசுனதுல அழுகயும் வந்துருச்சு. அவ "உப்பு, உப்பு"ன்னு முதுகத் தடவுதா. அவளுக்குத் தெரிஞ்ச தமிழு அதான.

சாயந்தரம் ராசன் வந்து உக்காந்தான். வல்லி கேட்டா, "ஒங்க கணக்குல எம்பிள்ள வருமா?"

"நம்ம வீடு பொறுக்குன வீட்டுல இல்ல வல்லி. நம்ம கதவ யாரும் தட்டமாட்டாவ."

"அப்ப நீங்க தட்டுங்க."

"என்ன?"

"கேளுங்க. ஊர்ல உள்ள பொம்பளையள எல்லாம் கேக்கீயள்லா. எங்கிட்ட கேளுங்க."

"வல்லி, வேண்டாம்மா."

"கேளுங்க."

நான் கதவுகிட்ட நிக்கேன். உள்ள போகவும் முடியல, வெளிய வரவும் முடியல. ராசன் போன எடுக்கல, சும்மா கையக் கட்டிக்கிட்டுத்தான் கேட்டான். எத்தன பிள்ள ஒங்ககூட இருக்கு? இல்ல. வேற ஊருல? இல்ல. பெறவு அந்த மூணாவது கேள்வி. "பொறந்து, ஒரு தடவையாவது அழுது..." அதோட நின்னுட்டான். வல்லியே மீதியச் சொன்னா. "அழுது, மூச்சு விட்டு, கையக் கால அசைச்சு, பெறவு தவறிப்போன பிள்ள. உண்டு. ஒண்ணு. பொண்ணு."

அவன் மொவத்தப் பொத்திக்கிட்டான்.

"அடுத்து பேரு கேக்கணும்லா? கேளுங்க. பேச்சி."

நான் பதறிட்டேன். "ஏட்டி, யாரு வச்ச பேரு அது?"

"நீங்கதான் சின்னம்மா. அவ ஒங்க வெரலப் புடிச்சுக்கிட்டு இருந்தப்ப நீங்க அவளப் பேச்சி பேச்சின்னுதான கூப்பிட்டீய? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். கூப்பிடக் கூப்பிட மூச்சு விட்டாளே."

நான் ஒன்னையத்தான் கூப்பிட்டேன் தாயி. அத அவகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். அந்தப் பேரு அவளுக்கே இருக்கட்டும். காவலுக்கு வராதவளுக்கு எதுக்குப் பேரு?

கோவத்துல எழுதிட்டேன். மன்னிச்சுக்கோ. மன்னிக்காட்டியும் போ.


கார்த்திகை 23

ஒனக்கு வெளக்கு ஏத்தல இன்னைக்கு.


கார்த்திகை 25, திங்கள்

ஏத்திட்டேன். செம்பருத்தி வச்சேன். ஒனக்கும் யாரு இருக்கா.

பத்து மணிக்கு அவ அம்மைக்குப் போனு போட்டேன். ராசன்கிட்ட கேக்கல, வல்லிகிட்டயும் சொல்லல. "மதினி, நான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேன், அது அப்பிடியில்ல. பிள்ள அழுதுச்சு. நாங் கேட்டேன். எங் கையப் புடிச்சுச்சு. பேச்சின்னு பேரு வச்சிருக்கு"ன்னேன். ஏசப் போறாவன்னு நெனச்சேன். ஏசலாம், என்ன தப்பு.

பெறவு கேட்டாவ, "யாரு சாட மதினி?"

"நெத்தி வல்லி நெத்தி. நாடி எங்க ராசன் நாடி. வெரலு நீளம், அது யாருதுன்னு தெரியல."

"வெரலு எங்க அம்மைக்கு"ன்னு சொல்லிட்டு அழுதாவ. நானும் அழுதேன். வெளிநாட்டு போனு, காசு ஓடுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், வைக்கல.

திரும்பிப் பாத்தா வல்லி பின்னால நிக்கா. எப்பம் வந்தான்னு தெரியல. எங்கிட்ட வந்து, "கஞ்சி இருக்கா சின்னம்மா, பசிக்கு"ன்னா.

முருங்கக்கீர போட்டு கஞ்சி வச்சேன். குடிச்சா. ஒரு கிண்ணம் முழுசா. வயிறு நெறஞ்ச பெறவு, "அன்னைக்கு இடது பக்கம் லேட்டாகும்னீயளே, அப்பிடியே ஆச்சு"ங்கா. அதுக்கு மேல கேக்கல. எம் மடியில தல வச்சுப் படுத்துட்டா. நான் ஒரு வார்த்த பேசல. ஆவுடையம்மா ஒரு வார்த்த பேசாம ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்தான்னு சொன்னா நம்மூருல ஒருத்தரும் நம்பமாட்டாவ.

அவ கண்ணசந்த நேரத்துலதான் பக்கத்து வளவுல அந்த ஆட்டுக்குட்டி கத்துச்சு. எப்பமும் போல எந்திரிக்கப் போனேன். மடியில இவ தல. எந்திரிக்க முடியல. அதனால உக்காந்தபடியே முழுசா கேட்டேன். இம்புட்டு நாளும் நின்னு கேட்டதில்ல பேச்சி, சத்தம் வந்ததும் ஓடத்தான் செஞ்சிருக்கேன். ஆட்டுக்குட்டி கத்துனா விட்டு விட்டு கத்தும், தாயாடு பதிலு குடுக்கும், திரும்பவும் கத்தும். ஒரு தடவையோட நிக்காது.

எங்க தொழுவத்தயும் நெனச்சுப் பாத்தேன். மழையில கூர ஒழுவிக்கிட்டு, நடுவுல கட்டுத்தறி மட்டும் நிக்கும்.

அந்த வருசம் எங்க வீட்டுல ஆடே கெடையாது பேச்சி. நாத்தனா கல்யாணத்துக்குன்னு பங்குனியிலயே எல்லாத்தையும் வித்துட்டாவ.